அரசமைப்புச் சட்டத்தைப் புதிதாக எழுத வேண்டுமா: கூடி ஆராய்வோருக்கு ஒரு வழிகாட்டி

தேர்தல் நெருங்கும்போதும், ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே பிணக்கு முற்றும்போதும், இந்த அரசமைப்புச் சட்டம் காலத்துக்கு ஒவ்வாததாகிவிட்டது, புதிதாக ஒன்றை எழுத வேண்டும் என்ற குரல் எழுகிறது. எழுப்புவோர் ஒரே தரப்பினர் அல்லர். டெல்லியில் அதிகாரம் இன்னும் குவிய வேண்டும் என்போரும், மாநிலங்களுக்கு உண்மையான தன்னாட்சி வேண்டும் என்போரும், மற்ற எதிலும் ஒத்துப்போகாத நிலையில், இந்த ஒரு கோரிக்கையில் மட்டும் ஒரே மேடைக்கு வந்துவிடுகிறார்கள். சென்னையில் சட்டக் கல்லூரி மாணவர்களும், தொழிற்சங்கத்தாரும், குடியிருப்போர் நலச் சங்கத்தாரும், வாசகர் வட்டத்தினரும் இதைப் பேச அமர்கிறார்கள். அப்படி அமரும் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு பக்கம் பேசிக் கலையாமல், எழுதி வைக்கத்தக்க ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதே இங்கு சொல்லப்படுகிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய அரசமைப்பில் திருத்த வேண்டியவை பல உண்டு. அதை முழுவதுமாகக் களைந்துவிட்டுப் புதிதாக எழுதுவது, இன்று குரலற்று இருப்பவர்களிடமிருந்துதான் முதலில் எதையாவது பறிக்கும் என்று நான் நம்புகிறேன். ஆயினும் கீழே உள்ள முறை இந்த முடிவை முன்கூட்டியே உள்ளே வைத்துக் கட்டியது அன்று. எதிர் நிலையில் இருப்பவரும் இதே முறையைப் பின்பற்றித் தம் வாதத்தை வலுப்படுத்திக்கொள்ள இயலும்.

குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அமர்வுக்கு வரும் ஒவ்வொருவரும் அரசமைப்புச் சட்டத்தின் மீது தமக்குள்ள குறையை ஒரே வாக்கியத்தில் எழுதி வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாருக்கு என்ன பாதிப்பு என்பது அந்த வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். "பழையது", "நீளமானது", "வெள்ளைக்காரர் சட்டத்தைப் பார்த்து எழுதியது" என்று மட்டும் எழுதி வந்தால், அதனால் இன்னாருக்கு இன்ன இழப்பு நேர்ந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். விடை வந்த பின்பே குறையாகப் பதிவு செய்யுங்கள்.

வயதை மட்டும் வைத்து வாதிடுவோருக்கு மதிப்புக்குரிய ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்கத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் 1789-ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்க அரசமைப்பை வடிவமைத்தோரில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பூமி உயிரோடிருப்பவர்களுக்கே உரியது, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைக் கட்டுப்படுத்த முடியாது, எனவே எந்தச் சட்டமும் 19 ஆண்டுகளில் காலாவதியாக வேண்டும் என்றார். அந்த ஆண்டிலிருந்து உலகில் எழுதப்பட்ட அரசமைப்புகளை ஆராய்ந்த அறிஞர்கள், அவற்றின் சராசரி ஆயுளும் ஏறத்தாழ 19 ஆண்டுகளே என்று கண்டார்கள். ஆனால் சராசரி என்பது பரிந்துரை ஆகிவிடாது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு 27 திருத்தங்களோடு நீடிக்கிறது. 1947-இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானின் அரசமைப்பு ஒருமுறைகூடத் திருத்தப்படவில்லை. மேடிசனின் அச்சமும் பொருட்படுத்தத்தக்கதே: எல்லாமே சில ஆண்டுகளில் காலாவதியாகும் என்று தெரிந்தால், எந்த உரிமையையும் நம்பி எவரும் வாழ்வை அமைத்துக்கொள்ள முடியாது.

காலனிய வேர் பற்றிய வாதத்துக்கு இதைவிடக் கனமுண்டு. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலிருந்து நிர்வாகம் சார்ந்த பகுதிகள் பெருமளவில் எடுக்கப்பட்டன என்பதை டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே ஒப்புக்கொண்டார். அதற்காக வருந்தவும் இல்லை. ஆளுநர் பதவியின் வடிவமும் நெருக்கடி நிலை அதிகாரங்களும் அந்த வேரிலிருந்து வந்தவை. இதை எழுப்புபவரிடம், எந்தப் பிரிவு இன்றும் அந்தக் காலத்து எசமானத் தன்மையோடு இயங்குகிறது என்று கேளுங்கள். குறிப்பிட்ட பிரிவு எண் வந்துவிட்டால் விவாதம் தரையில் கால் ஊன்றிவிடும்.

குறை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எழுதி வந்த குறை ஒவ்வொன்றையும் எடுத்து, அது அரசமைப்பின் எழுத்தில் இருக்கிறதா, அதன்கீழ் இயற்றப்பட்ட சாதாரணச் சட்டத்தில் இருக்கிறதா, நீதிமன்றம் கொடுத்த பொருள்கோளில் இருக்கிறதா, அல்லது எழுத்து சரியாக இருந்தும் நடத்த வேண்டியவர்கள் நடத்தாமல் விட்டதில் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

எழும்பூரில் எங்கள் வட்டம் கூடியபோது, பெரம்பூரிலிருந்து வரும் ஓர் அம்மா இப்படி எழுதி வந்தார்: "எங்க வார்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலரே இல்ல. சாக்கடை அடைச்சா யார்கிட்டப் போறதுன்னே தெரியல." பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் உடனே, "இதுக்குத்தாம்மா புது அரசமைப்பு வேணும்ங்கறோம்" என்றார். சட்ட நூலை எடுத்து 243-யு பிரிவை அந்த அம்மாவையே வாசிக்கச் சொன்னோம். நகராட்சி மன்றத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். இடையில் கலைக்கப்பட்டாலும் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அதில் ஐயத்துக்கிடமின்றி இருக்கிறது. 2016 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலம் ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை தொடர்பான வழக்குகளிலும் தள்ளிவைப்புகளிலும் கழிந்தது. எழுத்து இருந்தது, அதை மீறியதற்கு எவரும் விலை கொடுக்கவில்லை.

அந்த அம்மாவின் குறை இதோடு முடியவில்லை. கவுன்சிலர் வந்த பிறகும் அவர், "அது எங்க கையில இல்லம்மா" என்று சொல்லிவிடுகிறார் என்றார். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்களைப் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடலும் குடிநீர் வழங்கலும் அவற்றுள் அடங்கும். ஆனால் 243-டபிள்யு பிரிவு, அந்த அதிகாரங்களை மன்றங்களுக்கு அளிப்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியத்திடம் உள்ளன. நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் உள்ளது. ஆக, குறையின் ஒரு பாதி நடத்தையில் இருக்கிறது. மறுபாதி, கட்டாயமாக்காமல் விட்ட எழுத்திலும் அதைப் பயன்படுத்திக்கொண்ட மாநிலச் சட்டங்களிலும் இருக்கிறது. மாநிலத் தன்னாட்சியை உரக்கப் பேசும் நாம், நம் மாநிலத்துக்குள்ளேயே மாநகராட்சிக்கு அதிகாரம் கொடுக்கத் தயங்குகிறோம் என்பதை அன்று அனைவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம். புதிய அரசமைப்பு எதுவும் இல்லாமல், கோட்டையில் நிறைவேற்றும் ஒரு சட்டத்தாலேயே இதில் பெரும்பகுதியைத் தீர்க்க முடியும்.

முந்தைய வரலாற்றையும் மறக்க வேண்டாம். 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. அப்போது இத்தகைய அரசமைப்புப் பாதுகாப்பு இல்லாமலேயே அத்தனை ஆண்டுகள் ஓடின. 74-வது திருத்தம் வந்தபின்தான் அந்த நீண்ட இடைவெளி முடிவுக்கு வந்தது. திருத்தம் பயனற்றது என்று எவராவது சொன்னால் இந்த இரண்டு காலங்களையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

பொருள்கோள் மாறினாலே போதும் என்பதற்கு 356-வது பிரிவு சான்று. 1976 ஜனவரி 31 அன்றும், 1991 ஜனவரி 30 அன்றும் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் இந்தப் பிரிவின்கீழ் கலைக்கப்பட்டன. 1994-இல் எஸ். ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும், குடியரசுத் தலைவரின் ஆணையும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. பிரிவின் எழுத்து அப்படியே இருக்க, அதைக் கையாளும் துணிச்சல் குறைந்தது.

மாறாக, 200-வது பிரிவில் குறை எழுத்திலேயே இருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்புவதானால் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும் என்று சொல்லும் அந்தப் பிரிவு, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கால வரம்பை வகுத்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க இயலாது என்று கருத்துரைத்தது. பொருள்கோளின் வழி அடைபட்டதால், எழுத்தைத் திருத்தக் கோரும் வாதம் இங்கு முழு வலுப் பெறுகிறது. அமர்வில் இத்தகைய ஓர் எடுத்துக்காட்டாவது கிடைக்கும்வரை தேடுங்கள். இல்லாவிட்டால், எல்லாப் பழியையும் மனிதர்கள் மீது போட்டு, சட்டம் குறையற்றது என்ற எளிய முடிவுக்குக் கூட்டம் வழுக்கி விழுந்துவிடும்.

திருத்தத்தால் தீருமா என்று பாருங்கள்

எழுத்தில் உள்ள குறைகளை மட்டும் தனியே எடுத்து, எந்த வழியில் அவற்றை மாற்றலாம் என்று கேளுங்கள். சில மாற்றங்களுக்கு நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும். சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு என்று பெயர் பெற்றதும், 1986-இல் நம் மேலவை நீக்கப்பட்டதும் இந்த வழியில்தான். மற்றவற்றுக்கு, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். கூட்டாட்சியைத் தொடும் பிரிவுகளாக இருந்தால், மாநிலங்களில் பாதிக்குக் குறையாத எண்ணிக்கையில் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டும்.

இந்த வழிகள் எவ்வளவு வேகமாகவும், எவ்வளவு இரு முனையாகவும் வேலை செய்யும் என்பதற்கு முதல் திருத்தத்தைப் போல் பாடம் வேறில்லை. அதன் இரண்டு வேர்களும் நம் மண்ணில் இருக்கின்றன. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பகிர்ந்தளித்த சென்னை மாகாண அரசின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். 1950-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்த ஆணை செல்லாது என்றன. தந்தை பெரியாரும் அவர் இயக்கத்தாரும் நடத்திய கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவியது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நிலையில், 1951 ஜூன் 18 அன்று, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடமளிக்கும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று இந்தியா முழுவதும் கல்லூரியில் இடம் பெறும் கோடிக்கணக்கானோருக்கு அடித்தளம் இந்தத் திருத்தம். புதிய அரசமைப்பை எவரும் கேட்கவில்லை; ஒரே ஓர் உட்பிரிவைக் கேட்டார்கள், பெற்றார்கள்.

அதே திருத்தத்தின் மறுபக்கத்தையும் அமர்வில் படித்தாக வேண்டும். பம்பாயிலிருந்து வெளிவந்த கிராஸ் ரோட்ஸ் இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழைவதை இங்குள்ள அரசு தடை செய்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950-இல் அந்தத் தடையை நீக்கியது. அதற்கு எதிர்வினையாக, பொது ஒழுங்கு முதலிய காரணங்களால் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்பதும் அந்த முதல் திருத்தத்திலேயே நுழைந்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது ஓரளவு ஆறுதல். எளிதாகத் திருத்த முடிகிற சட்டம், உரிமையைக் கூட்டவும் குறைக்கவும் ஒருசேர எளிது. 1963-இல் பிரிவினைப் பேச்சைக் கட்டுப்படுத்தும் 16-வது திருத்தம் வந்தபோது திராவிட நாடு கோரிக்கையின் கதை என்ன ஆயிற்று என்பதை வட்டத்தில் உள்ள மூத்தவர் எவராவது சொல்லக் கேளுங்கள்.

திருத்தத்தால் எட்ட முடியாதது எது?

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஏழுக்கு ஆறு என்ற மிகக் குறுகிய வேறுபாட்டில், நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மதச்சார்பின்மை, கூட்டாட்சி, நீதிமன்ற ஆய்வு, முறையான தேர்தல் முதலியவை அந்தக் கட்டமைப்பில் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பும் பின்வந்த தீர்ப்புகளும் விளக்கின. சட்டங்களை நீதிமன்ற ஆய்விலிருந்து காக்க உருவான ஒன்பதாவது அட்டவணையில் அந்த நாளுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட சட்டங்களும் இந்த உரைகல்லுக்கு உட்பட்டவையே என்பது, கூடலூர் நில வழக்கிலிருந்து கிளம்பி 2007-இல் முடிந்த கோயல்ஹோ தீர்ப்பு. 1994-இல் 76-வது திருத்தத்தால் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட நம் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டமும் அதற்கு உட்பட்டதே என்பதைத் தமிழ்நாட்டில் எவரும் மறக்கக் கூடாது.

இங்குதான் அமர்வின் மையக் கேள்வியைக் கேட்க வேண்டும். திருத்தத்தால் செய்ய முடிந்ததைச் செய்யப் புதிய அரசமைப்பு தேவையில்லை. எனவே புதிதாக எழுத வேண்டும் என்பவர், அடிப்படைக் கட்டமைப்பில் எந்த ஒன்றை மாற்ற விரும்புகிறார் என்று சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொல்பவர்களும் உண்டு. ஒன்றியம் என்பதே மாநிலங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்பாடாக இருக்க வேண்டும் என்பவர் அத்தகையவர். நாடாளுமன்ற முறையைக் கைவிட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி முறைக்கு மாற வேண்டும் என்பவரும் அத்தகையவரே. அவர்களோடு அந்தப் பொருளைப் பற்றியே விவாதியுங்கள். விடை சொல்லாமல், எல்லாம் மாற வேண்டும் என்று மட்டும் சொல்பவர் தம் வாதத்தை இன்னும் தொடங்கவில்லை.

மாநிலத் தன்னாட்சி கேட்போர் 1971-ஆம் ஆண்டின் ராஜமன்னார் குழு அறிக்கையைத் திரும்பப் பார்ப்பது நல்லது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. வி. ராஜமன்னார் தலைமையில், ஒன்றிய-மாநில உறவை ஆராய 1969-இல் அமைந்த அந்தக் குழு, 356-வது பிரிவையே நீக்கச் சொல்லும் அளவுக்குத் துணிந்தது. ஆனால் தன் பரிந்துரைகளை, இந்தப் பிரிவை நீக்குக, அந்தப் பட்டியலை மாற்றுக என்ற வடிவிலேயே தந்தது. தன்னாட்சிக்கு இந்த மாநிலம் முன்வைத்த மிக வலுவான ஆவணமே திருத்தங்களின் தொகுப்பாக இருப்பது எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை தருகிறது.

நம் அரசமைப்பில், அதையே மாற்றிப் புதிதாக ஒன்றை வைப்பதற்கான வழிமுறை எதுவும் எழுதப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தில் 146-வது பிரிவு அதற்கு இடம் வைத்திருக்கிறது. 1990-இல் நாடு ஒன்றிணைந்தபோதும் ஜெர்மானியர் அந்தக் கதவைத் திறக்காமல், இருக்கும் சட்டத்தின் வழியாகவே இணைந்தார்கள்.

எழுதப்போவது யார்?

காகிதத்தில் எவ்வளவு நல்ல வரைவை நாம் கற்பனை செய்தாலும், அதை எழுதப்போகிறவர்கள் இன்றைய அரசியல் வலிமையின் அளவிலேயே அறைக்குள் அமர்வார்கள். தமிழ் வாசகருக்கு இதை விளக்க இலங்கையைவிட அருகில் எடுத்துக்காட்டு இல்லை. விடுதலையின்போது அந்நாடு பெற்ற சோல்பரி அரசமைப்பின் 29-வது பிரிவு, எந்த ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடுத்தது. அது நடைமுறையில் போதுமான காவலாக இருக்கவில்லை என்பது உண்மை. மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது அது தடுக்கவில்லை. ஆயினும் அது எழுத்தில் இருந்தது. 1970-இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பெரும்பான்மையோடு வந்த அரசு, காலனியச் சட்டத்தை அகற்றிச் சொந்தச் சட்டத்தை எழுதுகிறோம் என்று அரசமைப்புப் பேரவையைக் கூட்டியது. தமிழரசுக் கட்சி முதலில் பங்கேற்றது. தன் கூட்டாட்சி யோசனையும் மொழிக் கோரிக்கையும் தள்ளப்பட்டதும் 1971-இல் வெளியேறியது. 1972 மே 22 அன்று வந்த புதிய அரசமைப்பில் 29-வது பிரிவு இல்லை. சிங்களம் மட்டும் ஆட்சி மொழியாக அரசமைப்பிலேயே ஏறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கிடைத்தது. ஆறே ஆண்டுகளில், 1978-இல், வேறொரு கட்சி தன் பெரும்பான்மையைக் கொண்டு இன்னொரு அரசமைப்பை எழுதி, நிறைவேற்று அதிகாரம் கொண்ட குடியரசுத் தலைவர் பதவியை நிறுவியது. அந்தப் பதவியின் அதிகாரத்தைக் குறைக்கவும் கூட்டவும் 2015, 2020, 2022 ஆண்டுகளில் அடுத்தடுத்துத் திருத்தங்கள் தேவைப்பட்டன.

காலனியச் சட்டத்தைக் களைவோம் என்ற நியாயமான முழக்கத்தின் கீழேயே ஒரு சிறுபான்மையின் பாதுகாப்பு கழன்று விழுந்தது. இந்தப் பத்தியை அமர்வில் வாசித்துவிட்டு, நம் நாட்டில் இன்று ஒரு பேரவை கூடினால் இந்தி பேசாத மாநிலங்களுக்கு அதில் எத்தனை இடம் கிடைக்கும், எந்தக் காவலை முதலில் இழப்போம் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள்.

நம் அரசமைப்பை எழுதிய 1946-ஆம் ஆண்டு அரசியல் நிர்ணய சபைக்கும் குறை உண்டு. சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளால் சுருக்கப்பட்ட வாக்குரிமையில் தேர்வான மாகாணச் சட்டமன்றங்கள் அதை மறைமுகமாகத் தேர்ந்தெடுத்தன. மக்களிடம் பொதுவாக்கெடுப்பும் நடத்தப்படவில்லை. இது எதிர்த் தரப்பின் மிகச் சிறந்த வாதம். அதை முழுமையாகச் சொல்ல இடம் கொடுங்கள். எதிரே வைக்க வேண்டியது அந்தச் சபை உழைத்த முறை. காங்கிரஸ் அசைக்க முடியாத பெரும்பான்மை பெற்றிருந்தும், வரைவுக் குழுவின் தலைமை அதைக் கடுமையாக எதிர்த்துவந்த அம்பேத்கரிடம் சென்றது. வரைவு 1948 பிப்ரவரியில் வெளியிடப்பட்டு மக்கள் கருத்துக்கு விடப்பட்டது. 7,635 திருத்தங்கள் முன்மொழியப்பட்டு, அவற்றில் 2,473 சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. சென்னையிலிருந்து சென்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், டி. டி. கிருஷ்ணமாச்சாரி போன்றோர் அந்த வரைவுக் குழுவிலேயே இருந்தார்கள்.

மக்களே எழுதினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அண்மைக் காலச் சோதனை சிலி நாடு. 2020-இல் 78 விழுக்காட்டினர் புதிய அரசமைப்பு வேண்டும் என்று வாக்களித்தார்கள். 155 பேர் கொண்ட பேரவை 388 பிரிவுகளை எழுதியது. 2022 செப்டம்பரில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அதை நிராகரித்தார்கள். வேறொரு தரப்பின் கையோங்கி எழுதிய இரண்டாவது வரைவும் 2023 டிசம்பரில் தோற்றது. ராணுவ ஆட்சியாளர் பினோசே காலத்து 1980-ஆம் ஆண்டு அரசமைப்பு, பல திருத்தங்களோடு, இன்றும் தொடர்கிறது. தேவையில் ஒன்றுபட்ட மக்கள் உள்ளடக்கத்தில் ஒன்றுபடவில்லை.

வெற்றி கண்ட நாடு ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்த வழிகாட்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபோது, இரு தரப்பும் முதலில் 34 கொள்கைகளை ஒப்புக்கொண்டு இடைக்கால அரசமைப்பில் எழுதின. பின்னர் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை எழுதிய உரை அந்தக் கொள்கைகளுக்குப் பொருந்துகிறதா என்று அரசமைப்பு நீதிமன்றம் சோதித்து, 1996 செப்டம்பரில் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. திருத்திய உரையை அந்த ஆண்டு டிசம்பரில் ஏற்றது. அங்கு பழைய சட்டம் பெரும்பான்மை மக்களை மனிதராகவே நடத்தவில்லை. புதிதாக எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நம் நிலை அதுவா என்பதை அமர்வினர் தீர்மானிக்கட்டும்.

அமர்வை நடத்தும் முறை

ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். குறைகளைத் தொகுக்க ஓர் அமர்வு, இடம் பிரிக்க ஒன்றோ இரண்டோ, பிற நாட்டு அனுபவத்துக்கு ஒன்று என்று வாரம் ஒன்றாக வைத்தால், இடையில் படித்து வர நேரம் கிடைக்கும். அரசமைப்பின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு படியாவது மேசை மீது இருக்க வேண்டும். அது எந்த ஆண்டு வரை திருத்தப்பட்டது என்று முதல் பக்கத்தில் பாருங்கள், ஏனெனில் 2023-இல் 106-வது திருத்தம் வரை வந்துவிட்டது. அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் 12 தொகுதிகளாக அச்சில் வந்துள்ளன. நாடாளுமன்ற இணையதளத்திலும் படிக்கலாம். நூலகத்தில் உட்கார்ந்து தேட விரும்புவோர் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தையோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையோ நாடலாம்.

சட்டம் படித்தவர் ஒருவர் போதும். மூவர் இருந்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். காசிமேட்டு மீனவரையும், தூய்மைப் பணியாளரையும், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவரையும் அழையுங்கள். சட்டம் தம்மை எங்கே தொட்டது என்பதை அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

மேற்கோள்களில் கண்டிப்பாக இருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிக்க வேண்டாம். சொன்னவர், நாள், சபை மூன்றும் தெரிந்தால் மட்டுமே குறிப்பேட்டில் ஏற்றுங்கள். 1953 செப்டம்பர் 2 அன்று மாநிலங்களவையில், இதை எரிக்கும் முதல் ஆளாக நானே இருப்பேன் என்று அம்பேத்கர் பேசியதை ஒரு தரப்பு எடுத்துவரும். அது ஆந்திர மாநில மசோதா விவாதத்தில், சிறுபான்மையினரைக் காக்க ஆளுநருக்கு அதிகாரம் வேண்டும் என்று வாதிடும்போது வெளிப்பட்டது. 1955-இல் அதற்கு அவரே விளக்கமும் சொன்னார். மறுதரப்பு 1949 நவம்பர் 25-ஆம் நாள் உரையை எடுத்துவரும். அதில் அவர் அரசமைப்பைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. அதற்கு இறுதி முத்திரை குத்தவில்லை, திருத்தும் வழியை எளிதாக வைத்திருக்கிறோம் என்று ஜெஃபர்சனைச் சுட்டிச் சொன்னார். இரண்டையும் முழுமையாகப் படிக்காமல் எந்தத் தரப்பும் அவர் பெயரைப் பயன்படுத்த விடாதீர்கள்.

பாதி நேரம் கடந்ததும் தரப்புகளை மாற்றுங்கள். புதிதாக எழுத வேண்டும் என்றவர் வேண்டாம் என்று வாதிடட்டும். வேண்டாம் என்றவர் வேண்டும் என்று வாதிடட்டும். இறுதியில், புதியதா பழையதா என்று வாக்கெடுப்பு நடத்த வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியே, எந்த வழியில் தீர்வு என்று கை தூக்கச் சொல்லுங்கள்.

எழுதி அனுப்புங்கள்

பெரும்பாலானோர் ஒப்பிய குறை ஒன்றை மட்டும் எடுத்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிரிவு எண், இன்றைய எழுத்து, அதனால் பாதிக்கப்பட்டவர், நீங்கள் கோரும் மாற்று எழுத்து, அதற்குரிய வழி ஆகியவை போதும். மாநிலச் சட்டத்தால் தீரக்கூடியது என்றால் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள்; அரசமைப்புத் திருத்தம் என்றால் வடசென்னை, தென்சென்னை, மத்திய சென்னை ஆகியவற்றுள் உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும், தமிழ்நாட்டிலிருந்து தேர்வான மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். நாடாளுமன்றம் கூடும் காலத்தில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்கள் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியவை. அந்த வழியில்தான் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. கடிதத்தின் நகல் ஒன்றை வட்டத்தின் கோப்பில் சேர்த்து, விடை வந்த நாளையும் அதன் சாரத்தையும் அதிலேயே குறித்து வையுங்கள்.